மூன்றாம் மாதத்தில் மலையேறும் தாய்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் மூன்றாம் மாதத்திலிருந்தே பருவங்களை வகுத்தனர். காப்புப் பருவம் மூன்றாம் மாதத்துக்கு உரியது. செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்துக்கு உரியது. தெய்வங்களையெல்லாம் அழைத்துக் குழந்தையைக் காக்குமாறு புலவன் வேண்டும் அந்த மூன்றாம் மாதத்திலே எமது மலையகத்தில் நடைபெறுவது யாது? காக்க வேண்டிய தாய், குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிற் கிடத்திவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறாள். இது கற்பனையன்று, சட்டம் வகுத்த கணக்கு.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வார ஓய்வு அளிக்கிறது. பேற்றுக்கு முன் இரு வாரம், பின் பத்து வாரம். அதற்கான கொடுப்பனவும் முழுக் கூலியன்று. ஏழில் ஆறு பங்கு மட்டுமே. இரு பிள்ளைகள் உள்ள தாய் மீண்டும் பெற்றால் ஆறு வாரம் போதுமென்ற விதி 2018ஆம் ஆண்டுத் திருத்தம்வரை நிலைத்திருந்தது. மூன்றாவது பிள்ளைக்குப் பசி பாதியாகவா இருக்கும்? பதிவில்லாது கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவளுக்கோ இந்தப் பன்னிரண்டு வாரமுங்கூட எட்டாக்கனி.

இனி மற்றொரு கணக்கைப் பார்ப்போம். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், தண்ணீர்தானும், கொடுத்தலாகாது என்று தாய்மாருக்குக் கற்பிக்கப்படுகிறது. இது விஞ்ஞானம் கண்ட உண்மை. இதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், ஆறு மாதம் என்பது இருபத்தாறு வாரம். சட்டம் தந்ததோ பத்து வாரம். எஞ்சிய பதினாறு வாரத்துக்கு யார் பொறுப்பு? போதித்தவர் பொறுப்பேற்பதில்லை, கூலி கொடுப்பவர் பொறுப்பேற்பதில்லை. பிள்ளை மெலிந்தாற் பழி மட்டும் தாயின் தலையில் விழுகிறது.

"தாய்மாரின் அறியாமையே எல்லாவற்றுக்கும் காரணம்" என்பது படித்தவர் வாயில் அடிக்கடி எழும் வாசகம். ஆசிரியர் அறைகளில் நாமும் அதனைச் சொல்லியிருக்கிறோம், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அறியாமை எங்கே இருக்கிறது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இந்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். கற்க மறுத்த தாய்மாரால் இது இயன்றிருக்குமா? கற்பித்ததைக் கற்றுக்கொண்டார்கள், கடைப்பிடிக்கவும் முயல்கிறார்கள். இயலாதவிடத்து அவர்களைத் தடுப்பது அறிவின் குறைவன்று, வாழ்க்கையின் நெருக்கடி.

வரலாறு இதனைத் தெளிவாகக் கூறும். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வைத்தியசாலைக்கு வா என்று மக்களை அழைப்பதோடு நில்லாது, மருத்துவமாது வீடுவீடாகச் சென்றாள். மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை அழித்த 1935ஆம் ஆண்டிலே, பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 ஓர் ஆண்டு நிறையுமுன் மடிந்தன. இன்று அவ்வெண் பத்துக்கும் கீழ். இந்த மாற்றத்தைச் செய்தது வெறும் போதனையா? இலவச வைத்தியம், இலவசக் கல்வி, உணவு மானியம், மலேரியா ஒழிப்பு ஆகியன ஒன்றோடொன்று கைகோத்தமையாலேயே மருத்துவமாதின் சொல் பலித்தது. தாயின் வாசற்படிக்கு அறிவோடு உதவியும் சேர்ந்து வந்தது. உதவியைக் கழித்துவிட்டு அறிவை மட்டும் அனுப்புவோர், அந்த வரலாற்றின் அரைவாசியையே படித்தவராவர்.

பழைய வழக்கங்களையும் இந்த நோக்கிலேயே ஆராய்தல் வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சி எறிதல், பிறந்த குழந்தையின் நாவிற் சீனித்தண்ணீர் தடவுதல் போன்றன கேடு விளைப்பன. தயவின்றி ஒழிக்கப்பட வேண்டியன. ஆனால், யாழ்ப்பாணத்து வீடுகளில் முப்பத்தொரு நாள் துடக்கு என்று தாயை அடுப்படிக்கு விடாது வைத்து, சரக்கு அரைத்துக் கொடுத்து, அயலும் உறவும் சூழ்ந்து நின்ற வழக்கத்துள்ளே ஓர் உழைப்புப் பகிர்வு இருந்தது. தீட்டு என்ற பொய்யை எறிவோம். ஓய்வு என்ற உண்மையைக் காப்போம். தீட்டை எறியும்போது ஓய்வையும் சேர்த்து எறிந்தால், அந்தச் சீர்திருத்தத்தின் பயன் முதலாளிக்கே.

சட்டம் வேறொன்றும் சொல்கிறது. ஓராண்டு நிறையாத குழந்தையின் தாய்க்கு வேலை நாளில் இருமுறை பாலூட்டும் நேரம் கொடுத்தல் வேண்டும். பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத்துக்குக் குறையாது. இல்லாத இடத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஏட்டில் இது நன்று. மலையுச்சியில் நிற்பவள் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கி மீண்டும் ஏறுவதிலேயே அந்த அரைமணி கரைந்துவிடாதா? மாலையிற் கொழுந்து நிறுக்கும்போது தராசு பாலூட்டிய நேரத்தை அறியாது. நிறை குறைந்தால் அரைப்பேர். ஆகவே, குழந்தை குடிக்கும் ஒவ்வொரு மிடறுக்கும் தாய் தன் கூலியிலிருந்து விலை கொடுக்கிறாள்.

இவ்விடத்தில் எம்மை நாமே நோக்குதல் வேண்டும். அரசாங்கச் சேவையிலுள்ள ஆசிரியை சனி, ஞாயிறு, விடுமுறை நாள்கள் நீங்கலாக 84 வேலைநாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை பெறுகிறாள். அதன்மேல் 84 நாள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாள் சம்பளமின்றியும் பெறலாம். இது போராடிக் காக்கப்பட வேண்டிய உரிமை, மிகையான சலுகையன்று. ஆனால், ஆறு மாதம் பாலூட்ட எமது வீட்டுக் குழந்தைக்கு இயலுமெனின், எமது வகுப்பிற் கற்கும் தொழிலாளியின் பிள்ளையினது தங்கைக்கு ஏன் இயலாது? அவளது வயிறு வேறு வர்க்கத்தது என்பதாலா?

தந்தையை யாரும் பேசுவதில்லை. பெற்றோர் கல்வி என்று பெயரிட்டுவிட்டுத் தாயை மட்டும் வாங்கில் இருத்துகின்றனர். அரச ஊழியனான தந்தைக்கு மூன்று நாள் விடுமுறை. கூலித் தொழிலாளிக்கு அதுவுமில்லை. எமது பாடசாலைகளிலும் மனையியல் பெண்பிள்ளைக்குரியது என்ற எண்ணம் இன்னும் சாகவில்லை. பதினாறு வயதில் குழந்தையைத் தூக்கக் கற்காதவன், இருபத்தாறு வயதில் அதன் அழுகையைக் கேட்டுத் திண்ணைக்கு ஓடுவதில் என்ன வியப்பு?

"இவ்வளவு செலவைத் தோட்டங்கள் தாங்குமா?" என்று கேட்போர் உளர். செலவு இப்பொழுதும் இருக்கிறது. தாயின் உடம்பும் குழந்தையின் வளர்ச்சியும் அதனைத் தாங்குகின்றன. கணக்கேட்டில் எழுதப்படாமையால் அது செலவல்ல என்றாகிவிடுமா? மகப்பேற்றுக் கொடுப்பனவைத் தனித்தனி முதலாளிமீது சுமத்துவதாற் பெண்களை வேலைக்கு அமர்த்தத் தயங்குவர் என்பது உண்மையாயின், அதற்கு மாற்று மருந்தும் உண்டு. சமூகம் முழுவதும் பங்களிக்கும் பொது நிதியொன்றிலிருந்து அதனை வழங்குதல் வேண்டும். பிறக்கும் குழந்தை ஒரு வீட்டின் சொத்து மட்டுமன்று; நாளைய சமூகத்தின் உறுப்பினன். அதன் முதல் ஆறு மாதத்துக்குச் சமூகமே பொறுப்பாளி.

எனவே நாம் கோருவன இவை: தொழில் எதுவாயினும் எல்லாத் தாய்மாருக்கும் ஆறு மாத முழு ஊதிய ஓய்வு, வேலைத்தலத்துக்கு அண்மையிற் பிள்ளைக்காம்பரா, பாலூட்டும் நேரத்துக்கு ஈடாக நிறையிற் கழிவு, தாயின் மொழியிலேயே பேசும் குடும்பநல மாதர், தந்தைக்கும் விடுமுறை, தந்தைக்கும் கல்வி.

கோரிக்கையோடு எமது கடமை முடிவதில்லை. மாலையிற் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகள் உள்ளன; வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் உள்ளன. மாதத்தில் ஒரு மாலை அவற்றைத் திறந்து, புதிதாய்ப் பெற்றோரானவர்களையும் பாட்டிமாரையும் குடும்பநல மாதையும் ஒருங்கே இருத்துவோம். அங்கே பாலூட்டலைப் பற்றிப் பேசுவதோடு பாலூட்டும் நேரத்துக்கான சட்டத்தையும் வாசித்துக் காட்டுவோம். தன் உரிமையை அறியாத பெற்றோருக்கு அளிக்கப்படும் கல்வி அரைக்கல்வியே.

காப்புப் பருவத்துக்குத் தெய்வங்களை அழைத்தனர் பழம்புலவர். நாம் அழைக்க வேண்டியது மனிதரை.