பாவம் அந்தப் பிரிண்டர்!

திரையில் பார்த்தால் அருமையான அரக்கு நிறப் பட்டுப்புடவை. பிரிண்ட் எடுத்தால் கருஞ்சிவப்பாய் ஏதோ ஒன்று. உடனே தீர்ப்பு: "பிரிண்டர் சரியில்லை." சிவப்பை ஏற்றி இன்னொரு தாள். இருட்டாக இருக்கிறதே என்று பிரைட்னஸை ஏற்றி இன்னொன்று. நாலாவது தாளில் புடவை ஒருவழியாகத் தேறும்போது, அதைக் கட்டியிருக்கும் பாட்டி வெளிறிப்போய் நிற்கிறார். போட்டோ தாளும் மையும் என்ன விலை விற்கின்றன என்பது வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்!

உண்மையில் முதல் குற்றவாளி மானிட்டர். கடையில் பக்கத்து மானிட்டரை விடப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பலவும் அளவுக்கு மீறிய வெளிச்சத்தோடு, கொஞ்சம் நீலம் தூக்கலாக வருகின்றன. அதைப் பார்த்துச் சரிசெய்த படம் தாளில் இருட்டாகத்தான் விழும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் ஏது? தராசே தப்பாக இருக்கும்போது அரிசியைக் கூட்டிக் குறைத்து என்ன பயன்?

அடுத்தது எண்கள். கேமரா எழுதி வைப்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களைத்தான். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் அகராதிதான் புரொஃபைல். 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி ஓர் அகராதி. 1998-ல் வந்த அடோபி ஆர்ஜிபி இன்னொன்று. 'பெரிசுதானே நல்லது' என்று கேமராவில் இரண்டாவதை வைத்துவிட்டு, புரொஃபைலையே பார்க்காத மென்பொருளில் திறந்தால் படம் சோகை பிடித்த மாதிரிதான் இருக்கும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஃபோட்டோஷாப்பும் நிறத்தை மாற்றும், பிரிண்டர் டிரைவரும் மாற்றும். மாமியார் ஒரு தடவை, மருமகள் ஒரு தடவை உப்புப் போட்ட சாம்பார் :-) யாராவது ஒருவர்தான் போட வேண்டும். ஆனால் டிரைவரின் நிறத்திருத்தத்தை நிறுத்தும் வசதியை மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைத்துவிட்டு, முதல் பக்கத்தில் 'ஆட்டோ'வை நிறுத்துகிறார்கள் தயாரிப்பாளர்கள். பாட்டியின் மாநிறம் ஆட்டோவுக்கு எப்படித் தெரியும்?

"இதெல்லாம் ஸ்டூடியோக்காரர்களுக்கு" என்பவர்கள் யோசிக்க வேண்டும். வீணாகும் தாளின் செலவை ஸ்டூடியோ வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடும். வீட்டில் யார் தலையில் கட்டுவது? திரையின் வெண்மை, விளக்கடியில் பிடித்த வெள்ளைத்தாள் அளவுக்கு வரும்வரை வெளிச்சத்தைக் குறைக்கக் காசு வேண்டாம். கேமராவை எஸ்ஆர்ஜிபியில் வைக்கவும், டிரைவரில் சரியான தாள் வகையைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். அளவீட்டுக் கருவிக்குத்தான் காசு, அது அப்புறம். மலிவான ரீஃபில் மையை ஊற்றிவிட்டுக் கம்பெனி மைக்கான புரொஃபைலைப் போட்டால் மட்டும் பலிக்காது.

எல்லாம் செய்தாலும் சில நிறம் வராது என்பதும் நிஜம். திரையில் ஒளிரும் கிளிப்பச்சையை மையால் எட்ட முடியாது. மயில் கழுத்துப் பட்டோ பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், அசைந்தால் வேறு நிறம். அது கேமராவிலேயே தங்குவதில்லை. அதற்கும் திட்டு வாங்குவது பிரிண்டர்தான்.