மகப்பேற்றுச் செலவு யாருடையது?

சில மாதங்களுக்கு முன், என்னிடம் முதுநிலைப் பொருளியல் பயின்ற மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சென்னையில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிபவர். கூடுதல் ஊதியத்துடன் வேறொரு நிறுவனம் அழைப்பதாகவும், அதே வேளையில் தம்பதியர் இருவரும் குழந்தைப்பேற்றை எதிர்நோக்கியிருப்பதாகவும் கூறினார். "இப்போது வேலை மாறினால் பேறுகால ஊதியம் கிடைக்காமல் போய்விடுமா, ஐயா?" என்று கேட்டார்.

"இருக்கும் இடத்திலேயே இரு அம்மா, குழந்தை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அவரும் அந்த வாய்ப்பைக் கைவிட்டார். பின்னர் சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான், என் அறிவுரை தவறானது என்பதை உணர்ந்தேன்.

பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில், ஊதியம் கோரும் நிறுவனத்தில் 80 நாள்கள் பணியாற்றியிருந்தால் போதும். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்த இந்த விதி, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை எனக் கொண்டால் 80 நாள்கள் என்பது 16 வாரங்கள். கருவுற்று மூன்றாம் மாதத்தில் புதிய பணியில் சேர்பவர்கூட இத்தகுதியைப் பெற்றுவிட முடியும். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரி ஊதியமே கணக்கில் கொள்ளப்படுவதால், புதிய இடத்தின் கூடுதல் ஊதியம் பேறுகால ஊதியத்தையும் உயர்த்தும்.

அப்படியானால் படித்த பெண்களும், அவர்களுக்கு அறிவுரை கூறும் என் போன்றோரும் ஏன் அஞ்சுகிறோம்? அச்சத்துக்குக் காரணம் 80 நாள் விதியன்று. செலவை யார் ஏற்கிறார் என்பதே.

2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், அந்த ஊதியம் முழுவதையும் அப்பெண்ணைப் பணியில் அமர்த்திய நிறுவனமே தர வேண்டும். பன்னிரண்டு பேர் பணிபுரியும் சிறு நிறுவனத்தில் மாதம் 40,000 ரூபாய் பெறும் ஒருவர் விடுப்பில் சென்றால், அந்நிறுவனத்தின் செலவு ஏறத்தாழ 2,40,000 ரூபாய். மாற்று ஊழியருக்கான ஊதியம் தனி. ஆணைத் தேர்ந்தெடுத்தால் இச்செலவு இல்லை. "குழந்தை பற்றி என்ன திட்டம்?" என்று நேர்முகத் தேர்வில் துருவுவதும், தகுதிகாண் பருவத்தில் கருவுற்றதைச் சொல்லப் பெண்கள் தயங்குவதும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே உள்ளது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கான தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் (இஎஸ்ஐ) நிறுவனம் 3.25 விழுக்காடும் ஊழியர் 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். ஆண், பெண் இருபாலருக்கும் ஒரே விகிதம். பேறுகால ஊதியம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. நிறுவனம் மாறினாலும் காப்பீட்டு எண் மாறுவதில்லை. முந்தைய சந்தா நாள்களும் கணக்கில் சேர்கின்றன. 22,000 ரூபாய் பெறும் பெண்ணுக்கோ இப்பாதுகாப்பு இல்லை.

மகப்பேற்றுப் பயன் கட்டாயச் சமூகக் காப்பீடு அல்லது பொது நிதியின் வாயிலாக வழங்கப்பட வேண்டும் என்றும், பொதுவாகத் தனியொரு நிறுவனத்தின் மீது அச்செலவைச் சுமத்தலாகாது என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா இதனை ஏற்று உறுதிசெய்யவில்லை.

உயர் ஊதியம் பெறுவோர் இஎஸ்ஐ மருத்துவமனைகளை நாடமாட்டார்கள் என்ற ஆட்சேபம் எழலாம். நியாயம்தான். எனவே மருத்துவத்தைச் சேர்க்காமல், மகப்பேற்று ஊதியத்துக்கென மட்டும் தனி நிதியம் அமைக்கலாம். எல்லா ஊழியர்களின் ஊதியத்தின் மீதும் சிறு சந்தா. அரசின் பங்கு ஓரளவு. பெண்ணை அமர்த்துவதால் கூடுதல் செலவில்லை என்ற நிலை அப்போது உருவாகும்.

நாளைய உழைப்பாளரையும் வரி செலுத்துவோரையும் ஈன்று தருபவர் தாய். அதன் பயன் சமூகம் முழுமைக்கும் உரியதெனில், செலவையும் சமூகமே பகிர்ந்துகொள்ள வேண்டும். அதுவரை, என் மாணவியைப் போன்றோர் தமக்குரிய வளர்ச்சியை ஒத்திவைத்து அச்செலவைத் தாமே செலுத்திக்கொண்டிருப்பர்.