என்ஜின் வாங்குவதற்கு முன்னால் தண்ணியைப் பாருங்கள்



சென்ற மாதம் ஒரு தாயார் எழுதிய கடிதம் என் மேசை மேல் இருக்கிறது. கணவருக்கு 60 வயது முடிந்துவிட்டது. பால் வெட்டி, பிறகு செம்பனைக் குலை வெட்டி, உழைத்து ஓய்ந்த மனிதர். லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நோட்டீசும் வந்தாயிற்று. தம்பியின் பேரில் மலையோரமாக 2 ஏக்கர் நிலம் இருக்கிறதாம், கெராண்டு உள்ள நிலம்தான். கரண்டு கம்பி அங்கே போகவில்லை. "சோலார் தட்டு போட்டுக்கலாமா, இல்லை சின்னதா ஒரு என்ஜின் வாங்கிக்கலாமா? காய்கறி நாங்களே போட்டுக்குவோம். எங்க ரெண்டு பேருக்கும் இனிப்புநீர் இருக்கு. எந்த என்ஜின் நல்லதுன்னு எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார்.

இது சுகாதாரப் பகுதி, என்ஜின் கடை அல்ல. ஆனாலும் பதில் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அந்தக் கேள்வியில் முக்கால்வாசி உடம்பு சம்பந்தப்பட்ட சங்கதி. போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பட்டணத்து அடுக்குமாடியில் நாலாவது மாடியில் முடங்கிக் கிடப்பதைவிட, மண்வெட்டி பிடித்த கைக்கு மண் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அம்மா, என்ஜினைக் கேட்ட நீங்கள் தண்ணியைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லையே! பக்கத்தில் எத்தனை வீடு இருக்கிறது என்றும் எழுதவில்லை. எனக்கு அந்த இரண்டும்தான் முதல் கவலை.

சொந்தக் காலில் நின்று விளைத்துச் சாப்பிடுவது நமக்குப் புதிதில்லை. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, தோட்டத்து ஜனங்கள் மரவள்ளியைத் தின்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் கிடையாது, தேங்காய் எண்ணெய் விளக்குதான். அந்தக் காலத்துப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், கால் வீங்கிச் செத்தவர்களைப் பற்றி. வயிறு நிறைந்தது, உடம்புக்குச் சத்து சேரவில்லை. தானே பயிர் செய்து சாப்பிட்டால் மட்டும் ஆரோக்கியம் வந்துவிடாது என்பதற்கு நம் வீட்டுக் கதையே போதும்.

முதலில் தண்ணி. மலைத் தண்ணி சுத்தமான தண்ணி என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. ஓடைக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்று ஏறிப் போய்ப் பார்த்தீர்களா? மேலே காய்கறித் தோட்டம் இருந்தால் அங்கே அடிக்கிற மருந்து மழையோடு கீழே வரும். மருந்தைக் காய்ச்சிப் போக்க முடியாது. காய்ச்சினால் கிருமிதான் சாகும். மேலே காடு மட்டும் என்றால் நல்லது, அப்போதும் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கக்கூசு ஊற்றுக்கும் கிணற்றுக்கும் கீழ்ப்பக்கமாக, 100 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மழைத்தண்ணி பிடிப்பதற்கு நம்மவர்கள் தோட்டத்துக் காலி மருந்து டிரம்மைக் கழுவி வைத்துக்கொள்வது எனக்குத் தெரியும். வேண்டவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறின மருந்து முழுசாகப் போகாது. பராக்குவாட் மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய டிரம்கள் வீட்டுக்கு வீடு உருண்டுகொண்டிருக்கின்றன. புது டிரம் வாங்க 100 வெள்ளிக்கு மேல் ஆனாலும் வாங்குங்கள். வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும், முட்டை கொசுவாகிப் பறந்துவிடும்.

இரண்டாவது, நிலம். ரப்பர் காட்டில் மேடை வெட்டியவர்களுக்கும், மண் அரித்துப் போகாமல் குழி வெட்டியவர்களுக்கும் மலைச்சரிவைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு இடம் எடுக்கும்போது அந்த அறிவை மறந்துவிடுகிறோம். சரிவின் அடியை வெட்டிச் சமப்படுத்தி, அந்த வெட்டுக்கு முதுகைக் காட்டி வீடு கட்டுகிறோம். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் பத்தாங் காலியில் மண் சரிந்து கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த 31 பேர் மாண்டார்களே, மறக்க முடியுமா? மரம் சாய்கிறதா, தரையில் புது விரிசல் தெரிகிறதா, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று சேறாக வருகிறதா, அன்று ராத்திரியே அங்கே படுக்காதீர்கள். மரத்தை வெட்டுவதற்கு முன்னால் நில அலுவலகத்தில் கேட்டுவிடுவதும் அவசியம். 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டத்தில் குன்று நிலம் என்று அறிவித்த இடத்தை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது.

இப்போது என்ஜினுக்கு வருகிறேன்.

நான் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் நடந்தது. கரண்டு இல்லாத கம்பத்தில் ஒரு குடும்பம், நாலு பேர். ராத்திரி நல்ல மழை. வெளியில் இருந்த சின்ன ஜெனரேட்டர் நனைகிறதே என்று சமையல்கட்டு ஓரமாக இழுத்து வைத்துவிட்டார்கள். சத்தம் கேட்காமல் இருக்கக் கதவையும் சாத்திக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கசாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார் அந்த அம்மா. அப்புறம் அவரும் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் டார்ச்சு லைட் கேட்டு வந்து கதவைத் தட்டினான், பதில் இல்லை, உடைத்து உள்ளே போனான். நாலு பேரும் பிழைத்தார்கள். அந்தப் பையன் வராமல் இருந்தால்?

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் லேசில் விடாது. மூச்சுத் திணறுகிற மாதிரியே தெரியாது, தூக்கம்தான் வரும். ஜன்னலைத் திறந்து வைத்தேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள். வீட்டைவிட்டு 20 அடிக்குமேல் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக, தனிக் கூரைக்கு அடியில், நாலு பக்கமும் திறந்தபடி இருக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் அது காய்ச்சல் இல்லை, உடனே எல்லாரையும் வெளியே கொண்டு போங்கள்.

என்னைக் கேட்டால் என்ஜினே வேண்டாம். சோலார் தட்டைப் பார்ப்போம். 100 வாட் தட்டு ஒன்று நம் ஊர் வெயிலில், போவது போக, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 வாட்-மணி கரண்டு தரும். 5 வாட் பல்பு நாலு, 5 மணி நேரம் எரிந்தால் 100. சின்ன பேட்டரி விசிறி 15 வாட், ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 120. கைப்பேசிக்கு 15. ஆகக் கூட்டினால் 235, மீதி 65 இருக்கிறது. இரண்டு பேருக்கு இது குறைந்த வசதி இல்லை. ஆனால் ஐஸ் பெட்டி இதில் ஓடாது. இன்சுலின் போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். திறந்து பாவித்துக்கொண்டிருக்கும் மருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் ஒரு மாதம் தாங்கும். திறக்காததை வீட்டில் அடுக்கி வைக்காமல், கிளினிக்கில் மாதாமாதம் வாங்கிக்கொள்ள ஏற்பாடு கேளுங்கள். மண்பானைக்குள் வைத்தால் போதும் என்பார்கள். புழுக்கமான நம் ஊரில் பானை ஒன்றிரண்டு டிகிரிதான் குறைக்கும், நிழலான இடத்தில் வைத்தால் கொஞ்சம் உதவும்.

பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கக்கூடாது. ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கிற வாயு வரும், உள்ளே இருப்பது திராவகம். காற்றோட்டமான இடத்தில், பிள்ளை கைக்கு எட்டாமல், கம்பியில் பியூஸ் போட்டு வையுங்கள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கித் தூண்டில் குண்டு செய்கிற ஆசாமிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புகை பேரப்பிள்ளையின் மூளையைக் கெடுக்கும்.

ஓடை நன்றாக ஓடுகிற இடமாக இருந்தால் கணக்கே வேறு. 10 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 5 லிட்டர் தண்ணி குழாய் வழியாக இறங்கிச் சுழல்சக்கரத்தைத் திருப்பினால், பாதி வீணாய்ப் போனாலும் 250 வாட் கிடைக்கும். குறைச்சலாகத் தெரிகிறதா? பகலும் ராத்திரியும் நிற்காமல் வருகிறதே! ஒரு நாளைக்கு 6,000 வாட்-மணி, அந்த ஒரு சோலார் தட்டைப்போல் 20 பங்கு. ஐஸ் பெட்டியும் ஓடும். சரவாக்கில் பகுன் அணைக்காக ஊரைக் காலி செய்யச் சொன்னபோது, லோங் லாவேன் என்ற இடத்தில் தங்கிவிட்ட கென்யா மக்கள் 2002-ல் இப்படி ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்துக்கொண்டார்கள். சிமெண்டு சுமந்ததும் குழாய் பதித்ததும் ஊர் ஜனங்களே. காடு போனால் ஓடை போகும், ஓடை போனால் கரண்டு போகும், ஆகவே மேலே உள்ள காட்டையும் பார்த்துக்கொள்கிறார்கள். அது ஒரு வீட்டு வேலை இல்லை, கோத்தோங் ரோயோங் வேலை. அதனால்தான் சொல்கிறேன், ஒற்றை வீடாகப் போகாதீர்கள். ஓய்வு பெறுகிற நாலைந்து குடும்பம் சேர்ந்து போங்கள். பாம்பு கடித்த ராத்திரி உங்களை வண்டியில் ஏற்றுவது சோலார் தட்டு அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்தான்.

தோட்டத்தில் என்ன போடலாம்? 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் இந்தியப் பெரியவர்களில் 100-க்கு 31 பேருக்கு இனிப்புநீர் என்று வந்தது. அப்படியிருக்க நம்மவர் கை முதலில் போவது மரவள்ளிக்கும் வாழைக்கும்தான்! சோற்றுக்குப் பதில் கிழங்கு என்றால் இனிப்புநீர்க்காரருக்கு லாபம் இல்லை, சோற்றோடு கிழங்கும் என்றால் நஷ்டம். முருங்கை, பசலை, மணத்தக்காளி, கங்கோங், வெண்டை, பயற்றங்காய், பாகல் இதெல்லாம் முதல் வரிசையில் வரட்டும். பாகற்காய் தின்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், நிறுத்தியவர்களுக்குக் கால்புண் வந்ததை நான் கண்டிருக்கிறேன். நாலு கோழி வளர்த்தால் முட்டை கிடைக்கும். கிழங்கு போட்டால் தோலை நன்றாகச் சீவி, தண்ணியில் ஊறப்போட்டு, வேகவைத்த தண்ணியைக் கொட்டிவிடுங்கள், கசப்பு மரவள்ளியில் விஷம் உண்டு. மேடை ஓரத்தில் வெட்டிவேரும் எலுமிச்சம்புல்லும் நெருக்கி நடுங்கள், மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

காட்டோரம் என்றால் இன்னொன்று. மனிதருக்கு மனிதர் பரவுகிற மலேரியாவை நம் நாடு 2018-ல் பூஜ்யமாக்கிவிட்டது. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வருகிற நோலேசி மலேரியா இன்னும் இருக்கிறது, ஆளையும் கொல்கிறது. அந்தி நேரத்தில் முழுக்கைச் சட்டை போடுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக்குப் போய், "காட்டோரம் குடியிருக்கேன், ரத்தம் எடுத்துப் பாருங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். டெங்கியா, எலிக்காய்ச்சலா, மலேரியாவா என்று ரத்தம்தான் சொல்லும்.

இதைப் படித்துவிட்டு ஏதாவது ஒரு நிர்வாகம், "பார், தொழிலாளிக்குக் கரண்டும் தண்ணியும் தானே தேடிக்கொள்ள முடிகிறதே" என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். லயத்தில் இருக்கிறவர்களுக்கு இலவசக் குழாய்த் தண்ணியும் போதிய மின்சாரமும் தருவது 1990-ஆம் ஆண்டு 446-ஆம் சட்டப்படி முதலாளி கடமை. வெள்ளைக்காரன் காலச் சட்டமே தொழிலாளிக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கரில் 16-ல் ஒரு பங்கு பயிர் நிலம் ஒதுக்கச் சொன்னது, அதாவது சுமார் 2,700 சதுர அடி. இன்று நம் லயத்துக் கொல்லைப்புறத்தில் அத்தனை இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். மலைக்குப் போவது உங்கள் விருப்பமாக இருக்க வேண்டும், துரத்தப்பட்டுப் போவதாக இருக்கக்கூடாது.

கடிதத்தின் கடைசியில் அந்த அம்மா பென்சிலால் ஒன்று சேர்த்திருந்தார்: டிவி ஓடுமா என்று. ஓடும். மீதி 65 என்று மேலே சொன்னேன் அல்லவா? 40 வாட் டிவியை ஒன்றரை மணி நேரம் பார்க்கலாம். மழை நாளில் கிடையாது.