மூணு மெஷினும் ஒரு கல்லும்

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் காலமானது. வயது ஆறு. 'கடக்... கடக்...' என்று இரண்டு முறை முனகிவிட்டு, என் இரண்டு வேட்டி, நான்கு சட்டைகளை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே கதவைப் பூட்டிக்கொண்டது.

மெக்கானிக் வந்தார். அரை மணி நேரம் அதன் முதுகைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஹீட்டர் போச்சு சார். பேரிங் போச்சு. போர்டும் போச்சு."

"எதுதாம்பா நல்லா இருக்கு?"

"கதவு நல்லா இருக்கு சார்."

ஹீட்டரைக் கையில் எடுத்துக் காட்டினார். சுண்ணாம்பில் முக்கி எடுத்த முறுக்கு மாதிரி இருந்தது. "எல்லாம் உங்க மாடம்பாக்கம் போர் தண்ணி சார்" என்று பழியை நிலத்தடியில் போட்டுவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மெஷின் எது என்று நான் வாசலில் நின்று யோசித்ததுதான் தாமதம், தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு ரிடையர்டு இன்ஜினீயர் ஃப்ரன்ட் லோடு கட்சி. பக்கத்து வீட்டு மாமி டாப் லோடு கட்சி. இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் நடுநிலை. "எதுல துவைச்சாலும் சுருங்கத்தானே சார் போவுது" என்றார்.

இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. முப்பது வருஷத்தில் மூன்று மெஷின் வாங்கியவன் நான். அதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கல்.

1993ல் மாடம்பாக்கத்துக்குக் குடி வந்தோம். தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போகணும் என்றால் ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். திரும்பி வர சவாரி கிடைக்காதாம். கிணற்றடியில் துவைக்கிற கல். காலை ஆறு மணிக்கு அம்மா அதன் முன் நின்றால், பார் சோப்பும் கையுமாக எட்டு மணி வரை 'தொப்... தொப்...' சத்தம் கேட்கும். அம்மாவுக்கு யார் மேல் கோபம் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். என் சட்டைதான் அடிக்கடி கிழியும்.

1996ல் போனஸ் வந்தபோது முதல் மெஷின் வாங்கினேன். இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக். ஒன்றில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். டி.வி.யில் விளம்பரம் பார்த்துப் பார்த்து ஊரே மெஷின் மயக்கத்தில் இருந்த காலம். அம்மா நம்பவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தாள். முழுசாகப் பதினைந்து நிமிஷம். துணி இந்தப் பக்கம் சுற்றி, நின்று, அந்தப் பக்கம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "கை வலிக்காதாடா அதுக்கு?" என்று கேட்டாள்.

ரொம்ப நாள் கழித்து, ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற ஸ்வீடன் தேசத்து டாக்டர் 2010ல் பேசிய ஒரு பேச்சைக் கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது. அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது அவர்கள் வீட்டுக்கு முதல் மெஷின் வந்ததாம். பாட்டி ஓடிவந்து, 'நான்தான் பட்டனை அமுக்குவேன்' என்று அடம்பிடித்து, அது துவைத்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்தாளாம். மிச்சமான நேரத்தில் அம்மா அவரை லைப்ரரிக்குக் கூட்டிப்போனாளாம். அன்றைய கணக்கில் உலகத்தில் 700 கோடி பேரில் 200 கோடி பேர் வீட்டில்தான் மெஷின் இருந்தது. மீதி 500 கோடிப் பேர் துணி இன்னும் கையால்தான் துவைக்கப்படுகிறது என்றார். யார் கையால் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் அம்மாவும் அந்த மிச்ச நேரத்தில்தான் வாரப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படிக்க ஆரம்பித்தாள்.

செமி ஆட்டோமேட்டிக்கின் பெருமைகளைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைவு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் வாளியில் மொண்டு ஊற்றலாம். ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு கலர், கடைசியில் கால்மிதி என்று மூன்று ஈடு போடலாம். கரன்ட் போனால் கோபித்துக்கொள்ளாது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும். பெல்ட் அறுந்தால் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி மாட்டிவிடலாம்.

சிறுமைகள்? ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு ஆள்தான் மாற்ற வேண்டும். அலசலையும் ஆள்தான் கவனிக்க வேண்டும். ஸ்பின்னரில் துணியைச் சமமாக அமுக்கி வைக்காவிட்டால் மெஷின் 'டங் டங்' என்று குதித்துக்கொண்டே கிணற்றடிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடும். அடிப்பக்கம் திறந்திருப்பதால் எலிகளுக்கு அது வாடகையில்லா வீடு. டிரெயின் பைப் அவற்றுக்கு டிபன்.

பதிமூன்று வருஷம் உழைத்தது. 2009ல் அம்மா போனாள். அதே வருஷம் மெஷினும் போனது. இரண்டாவதாக வந்தது டாப் லோடு, முழு ஆட்டோமேட்டிக். மேலே மூடியைத் திறந்து துணியைப் போட்டு, பட்டனை அமுக்கினால் சரி. குனிய வேண்டாம். பாதியில் மறந்துபோன கர்ச்சீப்பையும் போடலாம். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடியும். ஒரே குறை, குடி! துணி நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும் அதற்கு. ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கு மேல் இழுக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மச்சான் வீட்டில் ஒரு வேடிக்கை. அவரிடம் பழைய செமியும் இருந்தது, புது ஃப்ரன்ட் லோடும் இருந்தது. பிளாஸ்டிக் உடம்புக்காரச் செமி மிதந்து சமையலறை வரை போய்விட்டது. ஃப்ரன்ட் லோடு இம்மியும் அசையவில்லை. அது வேகமாகச் சுற்றும்போது ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் பாளம் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்தபிறகு பார்த்தால் மிதந்தது பிழைத்துக்கொண்டது, நின்றது செத்துப்போயிருந்தது. மச்சான் இதற்கு ஒரு தத்துவம் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து 2019. வெள்ளத்துக்கு நேர்மாறு. சென்னையின் ஏரிகளெல்லாம் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்ததே, அந்தக் கோடை. எங்கள் போரில் காற்றுதான் வந்தது. தண்ணி லாரிக்காரரிடம் பேசும்போது 'அண்ணா' என்று கூப்பிட்டேன். அவருக்கு என் பையன் வயசு. ரயில் செய்தியைப் படித்துவிட்டு என் மனைவி கணக்குப் போட்டாள். "நம்ம மெஷின் ஒரு தடவைக்கு 120 லிட்டர் குடிச்சா, அந்த ரயில் முழுசும் இருபதாயிரம் ஈடுக்குத்தாங்க வரும்!"

அன்றைக்கே டாப் லோடைத் தள்ளிவிட்டு ஃப்ரன்ட் லோடு வாங்கத் தீர்மானித்தேன். எதிர்வீட்டு இன்ஜினீயர் படம் போட்டு விளக்கினார். படுத்தவாக்கில் சுற்றுகிற டிரம், துணியை மேலே தூக்கித் தூக்கிக் கீழே போடும். நம் ஊர்க் கல் செய்கிற அதே வேலை! அதனால் துணி நீந்த வேண்டியதில்லை, நனைந்தால் போதும். டாப் லோடு குடிப்பதில் பாதித் தண்ணீர்தான். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிப் பிழிவதால் துணி முக்கால் காய்ச்சலாக வெளியே வரும். உள்ளேயே வெந்நீர் போட்டுக்கொள்ளும்.

நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு படியேறியபோது பின்னாலிருந்து பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில் விமானத்தை கஜபிருஷ்டம், அதாவது யானையின் பின்புறம் என்பார்கள். அது ஒன்று நகர்ந்து மாடியேறுகிற மாதிரியே இருந்தது.

கஷ்டம் அப்புறம்தான் தெரிந்தது. தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் குழாயில் 1 பார் அழுத்தம் வரும். எங்கள் தொட்டியோ முதல் மாடிக்கு நேர் மேலே, தலைக்கு மேல் மூன்றடி உயரத்தில். மெஷின் தண்ணீருக்காகக் காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் 'பீப் பீப்' என்று அழும். பிரஷர் பம்பு ஒன்று தண்டச் செலவு. அப்புறம் உப்பு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். எங்கள் போர் தண்ணீர் அந்த 600ஐயும் தாண்டிய தண்ணீர். அதைச் சூடாக்கினால் சுண்ணாம்பு படியாமல் சந்தனமா படியும்? மாசம் ஒரு தடவை உப்பு நீக்குகிற பவுடர் போட்டு ஓட்டச் சொல்லியிருந்தார்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்குப் போட்டேன்.

2021 தேர்தலில் ஒரு கட்சி வீட்டுக்கு வீடு இலவச வாஷிங் மெஷின் என்று அறிக்கை விட்டபோது, அது செமியா, டாப் லோடா என்று எங்கள் தெருவில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. அந்தக் கட்சி ஜெயிக்காததால் தீர்ப்பு தெரியவில்லை. அந்த வருஷம் மாடம்பாக்கத்தைத் தாம்பரம் மாநகராட்சியில் சேர்த்தார்கள். துணி மட்டும் பழைய அழுக்கோடுதான் இருந்தது.

இத்தனை அனுபவத்தோடு இந்த வாரம் நான் பேப்பரில் கோடு போட்டு, சாதகம், பாதகம் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். வலது கை மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள்.

"கையில என்ன?"

"போன மாசமே கட்டினேன். நரம்பு அழுந்துதாம். துணி பிழியறதை நிறுத்தணும்னு டாக்டர் சொன்னாரு."

"பிழியறதா? மெஷின்தானே பிழியுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"ஏங்க, உங்க சட்டைக் காலரும் வேட்டிக் கரையும் அந்த மெஷின்ல என்னிக்காவது வெளுத்திருக்கா? ஆறு வருஷமா ராத்திரியே ஊறவெச்சு, காலையில பிரஷ் போட்டுத் தேய்ச்சு, கையால பிழிஞ்சுட்டுத்தான் உள்ளே போடறேன். கால்மிதியை அதுல போடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுவும் கைதான். டாப் லோடு இருந்தப்ப முறுக்கிக்கிட்டுக் கிடக்கிற பெட்ஷீட்டை ஆழத்திலேருந்து இழுத்தே தோள் போச்சு. மூணு மெஷின் வாங்கினீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எதிர்வீட்டு இன்ஜினீயரைக் கேட்டிருக்கிறேன். மச்சானைக் கேட்டிருக்கிறேன். கடைக்காரப் பையனைக் கேட்டிருக்கிறேன். எங்கள் மூணு பேரில் யாரும் ஜென்மத்தில் ஒரு கர்ச்சீப் துவைத்ததில்லை. நாலாவது ஆளான நானும்தான்.

மறுநாள் கடைக்கு அவளையே முன்னால் போகவிட்டேன். விற்பனைப் பையன் புது மாடல் ஒன்றைக் காட்டினான். "மேடம், இது ஏ.ஐ. மெஷின். ஆபீஸ்லேருந்தே ஃபோன்ல தட்டி ஸ்டார்ட் பண்ணலாம்."

"அழுக்குத் துணியை யாருப்பா பொறுக்கி உள்ளே போடுவா? அதையும் ஃபோன்ல தட்டலாமா?"

பையன் ஏ.சி.யைக் கூட்டி வைத்தான்.

அவள் மூன்றே கேள்விதான் கேட்டாள். தொட்டி இவ்வளவு உயரம்தான், தண்ணி ஒழுங்கா ஏறுமா? உப்புத் தண்ணியில வெந்நீர் இல்லாமலே சமாளிக்குமா? ரிப்பேர்னா தாம்பரத்துலயே சாமான் கிடைக்குமா? கேட்டுக்கொண்டே கடைசி வரிசைக்குப் போய், ஒரு மூலையில் நின்றிருந்த மெஷின் மேல் கை வைத்தாள். இரண்டு தொட்டி. செமி ஆட்டோமேட்டிக்.

எனக்கு நிஜமாகவே பதறியது. "மறுபடி இதுவா? துணியை எடுத்து எடுத்துப் போடணுமே! உன் கை என்னத்துக்கு ஆகும்?"

"என் கைக்கு என்ன? செமின்னா பாதி மெஷின், பாதி மனுஷன். இவ்வளவு நாளா ஃபுல் ஆட்டோமேட்டிக்னு நீங்க சொன்னதுலயும் பாதி மனுஷி இருந்தா, உங்க கண்ணுல படலை. இதுல அந்தப் பாதி நல்லா வெளியில தெரியும். நீங்க ரிடையர்டு. கை நல்லா இருக்கு. நின்னு கவனிக்க நேரமும் இருக்கு."

பையன் பில் போடப் போய்விட்டான். அவன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை.

இன்றோடு நாலு நாள். காலரைத் தேய்க்க எவ்வளவு நேரமாகும் என்று இப்போது தெரியும்: ஒரு சட்டைக்கு மூன்று நிமிஷம். என் வேட்டி ஈரத்தில் என்ன கனம் கனக்கிறது! நேற்று ஸ்பின்னரில் சமமாக அமுக்காமல் விட்டு, மெஷின் பக்கத்து வீட்டு மாமியைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. பிடித்து நிறுத்தினேன். அலசின தண்ணீரை வாளியில் பிடித்து மாடிப்படி கழுவினேன். மனைவி அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு இன்ஜினீயரின் மனைவியோடு சேர்ந்து வேடிக்கை பார்த்தாள். மெஷினை இல்லை, என்னை. இன்ஜினீயர் மட்டும் நேற்றிலிருந்து வாசல் பக்கமே வரவில்லை.

துவைக்கிற பதினைந்து நிமிஷத்தில் பக்கம் பக்கமாக எழுதலாம் என்று பார்த்துத்தான் இந்தக் கட்டுரையை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன். இது நாலாவது ஈடு, கால்மிதி. மெஷின் வாங்குவதைப் பற்றி உங்களுக்கு ஒரு முக்கியமான யோசனை சொல்லி முடிக்கலாமென்றால்...

டிர்ர்ர்ரிங்!

மன்னிக்கணும். அலசப் போடணும். யோசனையை உங்கள் வீட்டில் துவைக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.