யார் இங்கே அந்நியர்?

வெனிஸ் நகரத்தில் ஆர்செனாலே என்று ஒரு பழைய கப்பல் கட்டும் தளம். 2024-ல் அங்கே தண்ணீருக்கு மேலே வண்ண வண்ணமாக நியான் எழுத்துகள் தொங்கின. மொத்தம் 53 மொழிகள். பேச ஆளில்லாமல் அழிந்துபோன பழங்குடி மொழிகள்கூட அதில் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: ‘எங்கும் அந்நியர்கள்’.

1895-ல் தொடங்கிய வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியின் 60-வது பதிப்புக்கு இதுதான் கரு. இதைத் தேர்ந்தெடுத்தவர் பிரேசிலைச் சேர்ந்த அட்ரியானோ பெட்ரோசா. இந்தக் கண்காட்சிக்குப் பொறுப்பேற்ற முதல் லத்தீன் அமெரிக்கர். எங்கே போனாலும் அந்நியர்களைப் பார்ப்போம், உள்ளுக்குள் நாமும் எங்கேயோ அந்நியர்தான் என்று அந்த வாசகத்துக்கு அவர் இரண்டு அர்த்தம் சொன்னார். அகதிகள், புலம்பெயர்ந்தவர்களோடு, சொந்த மண்ணிலேயே அந்நியராக நடத்தப்படும் பழங்குடிகளையும் அழைத்தார். 331 கலைஞர்கள். ஒரு நாளில் பார்த்து முடிக்கிற கூட்டமா அது!

மைய அரங்கின் முகப்பு முழுக்க, அமேசான் காட்டின் ஹுனி குயின் பழங்குடி ஓவியர்கள் ஒரு முதலைக் கதையை வரைந்தார்கள். கடலைத் தாண்ட முடியாமல் நின்ற மக்களிடம் ஒரு பெரிய முதலை, ‘சாப்பாடு கொடுங்கள், என் முதுகில் ஏறிப் போங்கள்’ என்றதாம். போகப் போக வேட்டைக்கு விலங்கு கிடைக்கவில்லை. மக்கள் ஒரு குட்டி முதலையைக் கொன்றுவிட்டார்கள். நம்பிக்கை உடைந்த பெரிய முதலை கடலுக்குள் மூழ்கிவிட்டது. கடந்தவர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம். மனிதர்கள் பிரிந்தது இப்படித்தான் என்கிறது கதை.

பினாலேயில் ஒவ்வொரு நாடும் தனி அரங்கு வைப்பதுண்டு. அந்த ஆண்டின் கருவுக்கு அதிகம் பொருந்தியது ஆஸ்திரேலிய அரங்குதான். பழங்குடிக் கலைஞர் ஆர்ச்சி மூர் பல வாரம் நின்று, கரும்பலகை போன்ற சுவர்களிலும் கூரையிலும் சாக்பீஸால் தன் குடும்ப மரத்தை எழுதினார். ‘நான்’ என்று தொடங்கி, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று 65,000 ஆண்டுகள் பின்னே போகிறது. மேலே போகப் போகப் பெயர்கள் மறைந்து, அவர் முன்னோர் மொழியின் உறவுச் சொற்கள் வருகின்றன. நடுநடுவே எழுத்தே இல்லாத கறுப்பு ஓட்டைகள். படுகொலையிலும் கொள்ளைநோயிலும் அறுந்த கிளைகள் அவை.

கீழே ஒரு குளம். அதன் மேல் வெள்ளை மேஜையில், காவலில் இறந்த பழங்குடியினரின் விசாரணை அறிக்கைகள் கட்டுக்கட்டாக, 500-க்கும் மேல். பெயர்கள் மை பூசி மறைக்கப்பட்டிருந்தன. நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் இவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற அரசியல் சட்டப் பிரிவை ஆஸ்திரேலியா நீக்கியதே 1967-ல்தான். 65,000 ஆண்டு குடியிருந்தவர்கள் கணக்கிலேயே இல்லை!

சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்கம் விருது இதற்குத்தான் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு அது முதல்முறை. படைப்பின் பெயர் ‘உற்றார் உறவினர்’. பிறகு ஆஸ்திரேலிய அரசே அதை வாங்கி, குயின்ஸ்லாந்து கலைக்கூடத்துக்கும் லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்கும் கூட்டாகக் கொடுத்தது.