காவல் நமக்கு, திறவுகோல் தில்லிக்கா?

வீட்டுக்குக் காவல் நிற்பவன் ஒருவன். திறவுகோலை மடியில் செருகிக்கொண்டு சேய்மையில் அமர்ந்திருப்பவன் மற்றொருவன். இந்திய ஒன்றியத்தின் படைக்கலச் சட்டம் இவ்வாறுதான் அமைந்துள்ளது.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறையில் நாளை ஒரு துமுக்கி (துப்பாக்கி) வெடித்தால், ஓடிவர வேண்டியவர் புதுவைக் காவலர். மக்களுக்கு விடை சொல்ல வேண்டியது புதுவை அரசு. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, பொது ஒழுங்கையும் காவலையும் மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. படைக்கலமும் வெடிமருந்துமோ நடுவண் பட்டியலின் ஐந்தாம் இனம்! பொறுப்பு இங்கே, உரிமை அங்கே. இஃது எவ்வகை நயன்மை?

2019-இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தைத் திருத்தப் புகுந்த நடுவணரசு, உரிமம் பெற்றவர் மூன்று துமுக்கிகள் வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க முனைந்தது. பஞ்சாபின் அன்றைய முதல்வர் அமரீந்தர் சிங் எதிர்த்தார். எதிர்ப்புகள் எழுந்தபின் இரண்டு என முடிவாயிற்று. அதே பஞ்சாபு, ஆட்சி மாறியபின் 2022-இல், பொதுவிடங்களில் படைக்கலம் காட்டுவதையும் அதனைப் போற்றும் பாடல்களையும் தடுத்தது. தளர்த்துவதாயினும் இறுக்குவதாயினும், ஒரு மண்ணின் நிலையை அம்மண்ணே அறியும். ஆனால், அம்மாநிலம் ஆணையிடலாமேயன்றி, நடுவண் சட்டத்தின் ஓரெழுத்தையும் மாற்றவியலாது!

"படைக்கலம் எல்லை தாண்டும், ஆகவே ஒரே கை ஆள வேண்டும்" என்பர். ஆத்திரேலியாவைப் பார்க்கட்டும். அங்குத் துமுக்கிச் சட்டம் மாநிலங்களின் உரிமை. 1996 ஏப்பிரல் 28-இல் தாசுமேனியாவின் போர்ட்டு ஆர்தரில் ஒரு கொடியவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பன்னிரண்டே நாளில், மே 10-இல், நடுவணரசும் மாநிலங்களும் ஒன்றாய் அமர்ந்து பொது நெறிமுறை கண்டன. உரிமையைப் பறிக்காமலே ஒற்றுமை விளைந்தது!

புதுவையின் நிலையோ பஞ்சாபினும் இழிந்தது. ஒன்றியப் பகுதி என்னும் பெயரால், நம் சட்டமன்றம் இயற்றும் எதனையும் நாடாளுமன்றம் நினைத்தால் வெறுந்தாளாக்கலாம்.

நாம் துமுக்கி கேட்கவில்லை. 1936 சூலை 30-இல், ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரஞ்சு ஆட்சியின் குண்டுகளுக்கு இரையானதைக் கண்ட மண் இது. துமுக்கியின் கொடுமை நமக்குப் புதிதன்று. அதனாலேயே கேட்கிறோம்: மாநிலங்களின் இசைவின்றிப் படைக்கலச் சட்டத்தைத் திருத்தாதே! புதுவைக்கு முழு மாநில உரிமை கொடு!

தமிழ்மக்களே, காவல் நிற்பவன் கைக்கே திறவுகோல் வரும்வரை ஓயாது கேட்போம்!