அக்காவின் பரிசோதனை முடிவு தங்கைக்கும் உரியது

நாற்பது வயதுக்கு முன்பே ஒரு பெண்ணின் மாதவிடாய் நின்றுபோனால், நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் முதலில் எழுவது "ஏன்?" என்ற கேள்வியன்று; "வெளியே தெரிய வேண்டாம்" என்ற எச்சரிக்கையே. அந்த மௌனத்தின் விலையை அவள் மட்டும் கொடுப்பதில்லை.

ஏறத்தாழ நூற்றில் ஒரு பெண்ணுக்குச் சினைப்பைகள் இவ்வாறு முன்கூட்டியே செயல் குன்றுகின்றன. பெரும்பாலோரிடம் காரணம் புலப்படுவதில்லை. புலப்படும் மரபுக் காரணங்களில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, டர்னர் நிலை போன்ற எக்ஸ் குரோமோசோம் மாற்றங்கள். மற்றொன்று, அதே குரோமோசோமிலுள்ள எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் சி.ஜி.ஜி என்னும் மூவெழுத்துத் தொடர் 55 முதல் 200 முறை வரை அடுக்கி வருவது. இந்த முன்பிறழ்வு உடைய பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மாதவிடாய் நாற்பதுக்கு முன் நிற்கிறது.

தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்கையில் இத்தொடர் 200-ஐக் கடந்து நீளக்கூடும். அப்போது, குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, ஃப்ராஜைல் எக்ஸ் என்னும் அறிவுத்திறன் குறைபாடு நேர்கிறது. தந்தையிடம் முன்பிறழ்வு இருந்தாலோ, அது மகள்கள் அனைவருக்கும் செல்கிறது. "பெண்ணின் குறை" என்று ஒதுக்கப்படுவது அவள் தந்தைவழி வந்ததாகவும் இருக்கலாம். உரிய நேரத்தில் அறிந்தால், கருமுட்டைகளைச் சேமிப்பது பற்றியோ குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போடாதிருப்பது பற்றியோ தங்கை முடிவெடுக்க இயலும். மௌனம் அந்தக் காலத்தைத் தின்றுவிடுகிறது.

இதற்காகப் பல மரபணுக்களை ஒருசேர ஆராயும் விலையுயர்ந்த சோதனைகளை எல்லோருக்கும் பரிந்துரைப்பதும் தவறு. பிரிட்டனின் யு.கே. பயோபேங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்நிலைக்குக் காரணம் எனக் கூறப்பட்ட மரபணுக்களைச் செயலிழக்கச் செய்யும் மாறுபாடுகளில் ஏறத்தாழ அனைத்தும் அந்நிலை இல்லாத பெண்களிடமே காணப்பட்டதைக் காட்டியது. ஒற்றை மாறுபாட்டைத் தலைவிதியாக வாசிப்பது அறிவியலாகாது.

தேவைப்படுவது எளியது: குரோமோசோம் பரிசோதனை, எஃப்.எம்.ஆர்.1 பரிசோதனை, இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரபணு ஆலோசனை. காரணம் எதுவாயினும், எலும்பையும் இதயத்தையும் காக்க, தடையேதும் இல்லாதவர்களுக்கு இயல்பான மாதவிடாய் நிறுத்த வயது வரை ஹார்மோன் சிகிச்சை. பரிசோதனை முடிவை உடன்பிறந்தாரிடம் சொல்லலாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும். ஆனால், சொன்னால் பழி வராது என்ற உறுதியை அவளுக்கு அளிக்க வேண்டியது குடும்பமும் மருத்துவமும்தான்.